தங்கம் வெளியே போகும் ஆண்டு

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மேல்படிப்புக்குப் போகிற ஆண்டு என்றால் அது தங்கம் வெளியே போகிற ஆண்டு. 1985-இல் நான் காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தபோது, அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி மானாமதுரைக் கடைத்தெரு அடகுக் கடைக்குப் போயிற்று; அதற்கு வட்டி கட்ட அப்பா ஏலச்சீட்டைப் பெருந்தள்ளுக்கு எடுத்தார்; சீட்டுத் தவணை முட்டியபோது புரோநோட்டு எழுதிக் கொடுத்து மூன்று வட்டிக்கு வாங்கினார். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். அரசுக் கல்லூரிக் கட்டணம் என்னவோ சில நூறு ரூபாய்தான். விடுதி, மெஸ், புத்தகம், மினி டிராஃப்டர், இரண்டு செட் பேன்ட் சட்டை எல்லாம் சேர்ந்துதான் எங்களைக் கடன்காரர்களாக்கின.

இதில் ஒன்றுகூட அன்று என் காதுக்கு எட்டவில்லை. கடன் பெரியவர்கள் சமாசாரம். பிள்ளை சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கடன்காரர் வாசலுக்கு வந்தால் அப்பா அவரைத் திண்ணையோடு பேசி அனுப்பிவிடுவார். அம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பாள். துணியில் சுற்றிய டிராஃப்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட "என்ன தம்பி, இன்ஜினியரா?" என்று கேட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்த காலம் அது. அந்த ஒரு கேள்விக்காகவே நான் உட்கார இடம் இருந்தாலும் டிராஃப்டர் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு போயிருக்கிறேன். அந்தப் பதினேழு வயதுப் பையனை இன்று நினைத்தால் எனக்கு அவன்மேல் பாசம்தான் வருகிறது. சம்பளம், தவணை, வட்டி என்று ஒரு சொல்லும் தலைக்குள் இல்லாமல், டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கிடக்க அவனுக்கு வாய்த்தது. உங்களில் அந்த வயதை அந்தக் காலத்தில் கடந்தவர்களுக்கும் அப்படி ஒரு மொட்டை மாடி இருந்திருக்கும்.

அந்த நிம்மதிக்கு விலை கொடுத்தவன் என் தம்பி. ஒரு பிள்ளைக்குத்தான் பணம் சுற்றி வந்தது. அவன் பத்தாவதோடு நின்று நூற்பாலைக்குப் போனான். புரோநோட்டு வட்டியில் பாதி அவனுடைய வாரக் கூலியில் போயிற்று. இதை அவன் வாயால் நான் கேட்டதில்லை. அம்மா இறந்த பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருந்த சின்ன நோட்டில், அப்பாவின் கையெழுத்தில், தம்பி பெயருக்கு நேரே தொகை தொகையாக எழுதியிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் காலத்தில் பிரிவு தேர்ந்தெடுப்பது சுலபம். சிவில் என்றால் பொதுப்பணித் துறை, எலக்ட்ரிக்கல் என்றால் மின்வாரியம், மெக்கானிக்கல் என்றால் ஏதாவது ஒரு பெரிய ஆலை. பயோமெடிக்கல் என்று ஒரு படிப்பு இருப்பதை எங்கள் விடுதியில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், எங்களுக்குத் தெரியாமல், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் புவனேஷ்வர் முதலிய பொறியாளர்களும் இந்தியாவிலேயே ஒரு செயற்கை இதய வால்வு செய்துவிட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று வடிவங்களும் சோதனையில் தோற்றன. நான்காவது வடிவம் தேறியது. கோபால்ட் கலப்பு உலோகத்தில் கூடு, அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பாலிஎத்திலீன் வட்டு. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கி, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அந்த வால்வு. இந்தக் கதையை நான் முதலில் கேட்டது என் அக்கா மகள் சொல்லி. அதற்காகவே இந்தப் படிப்பின்மீது எனக்கு மரியாதை உண்டு. சம்பளக் கணக்கை மட்டும் பார்த்து அதைத் தள்ளிவிடச் சொல்பவர்களோடு நான் ஒருபோதும் சேரமாட்டேன்.

அக்கா மகள் 2008-இல் சேர்ந்தாள். அதற்குள் நுழைவுத் தேர்வு போய்விட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கட்ஆஃப் 200-க்குக் கணக்கிடும் முறை வந்துவிட்டிருந்தது. கவுன்சலிங்குக்கு அவளையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு நான் கிண்டிக்குப் போனேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி கிடையாது, 2018 முதல் எல்லாம் இணையத்தில். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தடி மரத்தடியாகக் குடும்பங்கள். ராமநாதபுரத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து வந்து, தூக்குவாளியில் புளிச்சோறும் கையில் டிமாண்ட் டிராஃப்டுமாக உட்கார்ந்திருந்த அப்பாக்கள். வாசலில் கல்லூரிக் கையேடுகளை வண்டி வண்டியாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆட்கள். உள்ளே காத்திருப்புக் கூடத்தில் பெரிய திரை. கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று இருக்கிற இடங்களின் எண் ஓடும். நாலு இருந்தது மூன்றாகும், மூன்று ஒன்றாகும், ஒன்று பூஜ்யமானதும் கூடம் மொத்தமும் "ச்சொ" கொட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாதவர். ஆனால் "அந்தக் காலேஜ்ல லேப் நல்லாருக்கும் சார், எம் பெரியவன் அங்கதான் படிச்சான்" என்று நமக்காகத் தன் நேரத்தைச் செலவழிப்பார். இன்று என் தம்பி மகள் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செல்போனில் சாய்ஸ் நிரப்புகிறாள். வெயில் இல்லை, அலைச்சல் இல்லை, சென்னைக்குப் போய்வரும் செலவு இல்லை. அந்தப் பக்கத்து இருக்கைக்காரரும் இல்லை.

அக்கா மகளுக்குக் கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் பயோமெடிக்கல் கிடைத்தது. இந்த முறை தங்கம் வீட்டிலேயே இருந்தது. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் கல்விக்கடனுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்து, 4 லட்சம் வரை ஈடு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. எங்கள் சிவகங்கைத் தொகுதிக்காரரான ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த ஆண்டுகளில் ஊர் ஊராகக் கல்விக்கடன் முகாம்கள் நடந்தன. மூன்று வட்டிக்குப் புரோநோட்டு எழுதிய ஒரு குடும்பத்துக்கு, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டினால் போதும் என்று வங்கியே கூப்பிட்டுச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்! அக்கா அன்று வங்கி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

ஆனால் கையெழுத்துப் போட்டது பதினேழு வயதுப் பெண். எங்கள் அப்பா திண்ணையிலேயே பேசி அனுப்பிய கடன்காரர் இப்போது அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 2012-இல் படித்து முடித்தாள். அவளோடு பிளஸ் டூ படித்தவர்கள் ஐடி கம்பெனிகளில் ஆண்டுக்கு 3 லட்சத்தை ஒட்டிய சம்பளத்தில் சேர்ந்தபோது, அவள் பிடிவாதமாகத் தன் துறையிலேயே, மதுரையில் ஒரு மருத்துவமனையில் மாதம் 8,000-க்குச் சேர்ந்தாள். தவணைக்கே அதில் பாதிக்கு மேல் போயிற்று. மீதிக்கு அத்தான் ஊரிலிருந்து பணம் அனுப்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைக் கேட்டுவிட்டு, "பொண்ணு பேர்ல பேங்க் லோன் ஏதும் இருக்கா?" என்றும் கேட்டார்கள். எங்கள் தலைமுறைப் பெண்களிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது.

ஒருநாள் அவள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கப் போனேன். கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத சின்ன அறை. மேசையில் ஒரு இன்ஃபியூஷன் பம்ப். மணிக்கு 60 மில்லி என்று அதில் வைத்தாள், குழாயின் நுனியை அளவுக் குடுவைக்குள் விட்டாள், ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். பத்து நிமிஷம் நாங்கள் பேசாமல் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 10 மில்லி வரவேண்டும். வந்தது ஒன்பதுக்குச் சற்று மேல். "இது ஐசியூ பம்ப் மாமா. நெஞ்சு வலிக்காரருக்கு மருந்து போறது இதுலதான். பத்துல ஒரு பங்கு குறைஞ்சா டாக்டருக்குத் தெரியாது, நர்சுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்றாள். அதைச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்து டிஃபிபிரிலேட்டரை எடுத்து 200 ஜூல் வைத்து அனலைசரில் பாய்ச்சிக் காட்டினாள். எட்டாயிரம் ரூபாய்க்கு இந்த வேலை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஓர் உயிர் இந்த ஒரு மில்லியை நம்பிப் படுத்திருக்கிறது. அதை அளந்து சொல்கிறவளுக்கு வாட்ச்மேன் சம்பளம்.

அவள் நிலைமை பிறகு மாறியது. ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்து தென்மாவட்டங்கள் முழுக்கப் பை தூக்கிக்கொண்டு அலைந்தாள். 2017-இல் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2018-இல் நடைமுறைக்கு வந்தன. அதுவரை உரிமம் தேவைப்படாத கருவிகளும் 2022, 2023-இல் படிப்படியாக உரிமத்துக்குள் கொண்டுவரப்பட்டன. கருவி செய்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் தர ஆவணமும் உரிம விண்ணப்பமும் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டியதாயிற்று. அவள் அந்த வேலைக்கு மாறினாள். இன்று நல்ல சம்பளம். ஆனால் கடன் தீர்ந்தது 2019-இல்தான். இந்தத் துறையில் சம்பளம் ஏறும், மெதுவாக ஏறும். தவணை முதல் மாதத்திலிருந்தே முழுசாக நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஐந்தாறு ஆண்டுகளில்தான் பிள்ளைகள் நொந்துபோகிறார்கள். பலர் பாதியில் மெடிக்கல் கோடிங்குக்கோ ஐடிக்கோ போய்விடுகிறார்கள். விருப்பம் மாறிப் போகவில்லை, தவணை தள்ளிக்கொண்டு போகிறது.

இப்போது தம்பி மகள். அவளுக்கும் பயோமெடிக்கல்தான் வேண்டும், அத்தை மகள் பம்ப் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பலன். முதலில் அவள் செல்போனில் ஒரு சம்பளத்தைக் காட்டினாள். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே 2023-இல் அரசுப் புள்ளிவிவரப்படி உயிர்மருத்துவப் பொறியாளரின் நடுமட்டச் சம்பளம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல். மதுரையில் கட்டப்போகும் தவணைக்கு அந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது என்று சொல்லி, நானும் அவளும் அக்கா மகளும், அவள் சென்னையிலிருந்து வீடியோ காலில், உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தம்பி சற்றுத் தள்ளி நாற்காலியில். எங்கள் வீட்டில் படிக்கப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டே கடனைப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கட்ட வேண்டாம்தான். ஆனால் வட்டி சும்மா இருக்காது. கட்டத் தொடங்கும்போது 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருக்கும். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 5,800-க்கு இறங்கும், மொத்தம் கட்டுவது 10 லட்சத்தைத் தாண்டும். அவளுக்கு ஆசையாக இருந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம். அதே கணக்கில் பத்தாண்டுத் தவணை 21,400. மருத்துவமனையில் புதிதாகச் சேர்கிறவளின் மொத்தச் சம்பளத்தைவிட அது அதிகம். அத்தோடு, ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும். தம்பி அதைக் கேட்டுவிட்டு, "பத்திரத்தைக் குடுத்துருவோம்ணே" என்றான். மகள்தான் வேண்டாம் என்றாள்.

அக்கா மகள் சொன்ன ஒரு அளவுகோலை நான் எல்லோருக்கும் சொல்லுவேன்: படிப்பு முடியும்போது மொத்தக் கடன், அந்தத் துறையில் முதல் வருஷம் வாங்கப்போகிற சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஐடியில் நுழைகிறவர்களின் சம்பளமே பதினைந்து ஆண்டாக 3 லட்சத்துக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்க, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கான கட்டணமோ 2017-இல் ஒரே தடவையில் 40,000-லிருந்து 50,000-ஆகவும், தர அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு 45,000-லிருந்து 55,000-ஆகவும் ஏறியது. பதினேழு வயதில் நாளைய சம்பளத்தை யாராலும் நிர்ணயிக்க முடியாது. கட்டணத்தை மட்டும் இன்றே பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே படிப்பை மாற்றாதே, கல்லூரியை மாற்று என்றாள் அக்கா மகள். நிர்வாக ஒதுக்கீடு வேண்டாம், கவுன்சலிங் இடம் போதும். விடுதி வேண்டாம், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பார். மேலே படிக்க ஆசை வந்தால் 2020 முதல் கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது, எம்.டெக் படிக்கையில் மாதம் 12,400 உதவித்தொகை கிடைக்கும். சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரையும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் படிப்புக்கே போகலாம். பெரிய பெயருக்கு அப்போது ஆசைப்பட்டுக்கொள்ளலாம், கடனில்லாமல்.

பிறகு ஒன்று தெரியவந்தது. தம்பி வீட்டில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லாததால் அவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கும். சான்றிதழ் விண்ணப்பத்தில் "தந்தையின் கல்வித் தகுதி" என்ற இடத்தில் அவள் பத்தாம் வகுப்பு என்று எழுதியபோது நான் தம்பியைப் பார்க்கவில்லை. 1985-இல் அவன் விட்டுக்கொடுத்த படிப்பு இப்படிச் சுற்றி வந்து அவன் மகளுக்குச் சலுகையாகிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பதால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டத்துக்கும் தகுதி, கல்லூரிக்கு நாக் அல்லது என்பிஏ அங்கீகாரம் இருந்தால். எல்லாம் கழித்துப் பார்த்ததில் கடன் இரண்டரை லட்சத்தில் நின்றது. பத்தாண்டுக்கு மாதம் 3,300 ரூபாய். தம்பி அப்போதுதான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில்தான் சிக்கல். விளம்பரம் எல்லாம் அதிகபட்ச பேக்கேஜைத்தான் சொல்கிறது. என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் நடுமட்டச் சம்பளம் இருக்கிறது. ஆனால் அது எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகக் கலந்த எண், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் சம்பளம் பயோமெடிக்கலை மூடி மறைத்துவிடும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக, போன வருஷம் எத்தனை பேர் அந்தத் துறையிலேயே வேலைக்குப் போனார்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கல்லூரிகள் வெளியிட வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

அவள் கேட்டாள். ஆறு கல்லூரிகளுக்குப் போன் போட்டு, பயோமெடிக்கல் துறைத் தலைவரிடம் கொடுங்கள் என்றாள். நான்கு இடத்தில் அட்மிஷன் அலுவலகத்தைத் தாண்ட விடவில்லை. ஓரிடத்தில் "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் மேடம்" என்று வைத்துவிட்டார்கள். ஆறாவது கல்லூரியில் துறைத் தலைவரே பேசினார். போன வருஷம் முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் துறையில் இருக்கிறார்கள், பெரும்பாலும் மாதம் 15,000-லிருந்து 18,000, மற்றவர்கள் கோடிங்கும் ஐடியும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து மருத்துவமனை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவோம், அங்கே கை பழகியவர்களுக்குச் சம்பளம் சீக்கிரம் ஏறுகிறது என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த தம்பி, "மாப்ள வீட்டுல விசாரிக்கிற மாதிரில்ல விசாரிக்கிறா" என்று என்னிடம் மெல்லச் சொன்னான்.

போனை வைத்துவிட்டு அவள் சாய்ஸ் பட்டியலைத் திறந்தாள். பெரிய பெயர்க் கல்லூரிகள் இரண்டைக் கீழே இறக்கிவிட்டு, உள்ளதைச் சொன்ன கல்லூரியை முதல் இடத்தில் வைத்தாள். "பஸ் ஒண்ணேகால் மணி நேரம் ஆகும் பெரியப்பா, பரவாயில்ல, பாஸ் எடுத்துக்கிறேன்" என்றாள்.